மணியை வீட்டுக்குக் கொண்டுவந்த ராத்திரி

மூன்று வார லீவில் கடலூருக்குப் போய்விட்டு இங்கிலாந்தில் நான் இருக்கும் கவன்ட்ரிக்குத் திரும்பி பத்து நாளாகிறது. விமானம், சென்னையிலிருந்து ஈசிஆரில் வந்தது, ஆதார் வேலை, பேங்க் வேலை எல்லாமே இந்த முறை ஒழுங்காக முடிந்தன. எனக்கு எழுத வேண்டும் என்று இருப்பது ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான். எங்கள் நாய் மணியை, ஒரு காலை அறுத்து எடுத்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்த ராத்திரி.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை கரையை மீறி ஊருக்குள் வந்தபோது, ஆல்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி ஒதுங்கிய குட்டிதான் மணி. செவலை நிறம், நாட்டு நாய், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். தண்ணீர் வடிந்தும் அது போகவில்லை, அம்மாவும் விடவில்லை. ஒரு வருஷமாக வாட்ஸ்அப் வீடியோவில் மட்டும் பார்த்த பிள்ளையை இந்த மார்கழியில்தான் தொட்டுப் பார்த்தேன். நான் வந்த நான்காம் நாள் காலையில், சாவடிப் பக்கம் ஒரு வேனின் சக்கரம் அதன் இடது பின்னங்காலில் ஏறிவிட்டது.

புதுச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடினோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு தூளாகிவிட்டது, பாதத்துக்கு ரத்த ஓட்டமும் இல்லை, காலை எடுத்தால்தான் பிழைக்கும் என்றார். கூட வந்த சித்தப்பா, பாவம் வாயில்லா ஜீவன், ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடலாமே என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய் நின்றுகொண்டார். முட்டி வரைக்குமாவது விடக்கூடாதா, கட்டைக்கால் வைக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு டாக்டர் பொறுமையாகவே பதில் சொன்னார். பாதிக் கால் தொங்கினால் நாய் அதை ஊன்றப் பார்க்கும், தரையில் உரசி உரசிப் புண்ணாகும், அதனால் தொடையிலேயே உயரமாக எடுப்பதுதான் நல்லது. அறுவையும் நன்றாகவே நடந்தது. அவருடைய கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. செலவும் கவன்ட்ரியில் ஆவதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

குறையெல்லாம் மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்தது.

கவன்ட்ரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு கிரேஹவுண்ட் நாய் இருக்கிறது. எலும்புப் புற்றுநோய் வந்து அதற்கு முன்னங்காலை எடுத்தார்கள். அன்று ஆஸ்பத்திரியில் அவர்கள் கையில் நான்கு பக்கத் தாள் கொடுத்து அனுப்பினார்கள். எப்போது சாப்பாடு, எந்த மாத்திரை எப்போது, எது சாதாரணம், எது ஆபத்து, ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்து விசாரித்தார்கள். இதைப் பார்த்திருந்ததால் நானும் போனில் ஏழு கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் எப்போது கொடுக்கலாம்? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? எப்படித் தூக்குவது? எந்தப் பக்கம் படுக்க வைப்பது? தையலை நக்கினால் என்ன செய்வது? வீங்கினால்? ராத்திரி யாருக்குப் போன் செய்வது?

டாக்டர் கிளம்பிவிட்டார். கவுண்டரில் இருந்த தம்பி முதல் கேள்வியைக் கூட முழுதாகக் கேட்கவில்லை. "அதெல்லாம் தானா சரியாயிடும் மேடம். பன்னண்டாம் நாள் தையல் பிரிக்க அழைச்சிகினு வாங்க" என்று மாத்திரைச் சீட்டை நீட்டினார். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு கேட்டேன். பெரிய சைஸ் இல்லையாம். உள்ளேயிருந்து ஒருவர் மணியை ஒரு பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். அது பாதி மயக்கத்தில் இருந்தது, நாக்கு வெளியே கிடந்தது. நாங்கள் படியிறங்குவதற்குள் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பதினாறு கிலோ எடையுள்ள, நேற்றுவரை நான்கு கால் இருந்த ஓர் உயிரை, அது எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி அனுப்ப முடிந்தது? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டுக்கொள்ள யாரும் நிற்பதில்லை என்பதால் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அன்று ரோட்டில் நின்றபோது எனக்கு அழுகைதான் வந்தது.

மூன்று ஆட்டோ நின்றன, பெட்ஷீட்டில் ரத்தக் கறையைப் பார்த்ததும் மூன்றும் போய்விட்டன. நான்காவதாக நின்றது முதுநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன் லோடு ஆட்டோ. அந்த அண்ணன் எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னால் இருந்த பெட்டிகளை ஓரம் தள்ளி, அடியில் விரித்திருந்த தடித்த கறுப்பு ரப்பர் பாயைத் திருப்பிப் போட்டார். "இதுமேல படுக்க வைங்கம்மா, வண்டி பிரேக் போட்டாலும் வழுக்காது" என்றார். அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். மீன் வாடையில் மணி ஒருமுறை மூக்கைச் சுளித்தது. உயிர் இருக்கிறது என்று அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் காத்திருந்தது என் தவறு. மூன்று வருஷத்துக்கு முன் நான்தான் பணம் அனுப்பி, தாத்தா காலத்து சிவப்புத் தரையை உடைத்து, முகம் தெரிகிற மாதிரி டைல்ஸ் போடச் சொன்னேன். பதினோரு மணிக்கு மயக்கம் தெளிந்து மணி எழப் பார்த்தது. முன்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துகொண்டு போக, இருந்த ஒரு பின்னங்காலும் வழுக்கி, தையல் போட்ட பக்கமாகவே விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவில் விளக்கு எரிந்தது. கிளினிக் நம்பர் சுவிட்ச் ஆஃப். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடு ஒரு ப்ரூஃபன் மாத்திரை கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். நமக்கு வலி தீர்க்கும் அந்த மாத்திரை நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அப்போதுதான் அம்மாவுக்கு கம்பவுண்டர் ஐயா ஞாபகம் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அரசு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனாலும் எங்கள் பகுதிக்கு அவர் கம்பவுண்டர்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லட்சுமிப் பசு கன்று போட முடியாமல் தவித்த ராத்திரியும் அவர்தான் வந்தார். இப்போது எழுபது தாண்டிவிட்டது. கைலியோடு, ஒரு டார்ச்சும் ஒரு குளியல் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

முதலில் மணியின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார், வெளுத்த இடம் உடனே சிவந்தது. தையலில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றும் பிரியவில்லை. அப்புறம் துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து மணியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்து என் கையில் தந்தார். நான் தூக்கினேன்.

"தூக்காத பாப்பா. தாங்கு. இல்லாத கால் எவ்ளோ தாங்குமோ அவ்ளோதான் நீ தாங்கணும். தூக்கினா அது கத்துக்காது."

துண்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். மணியின் எடை அதன் கால்களுக்கு இறங்குவது என் கையில் தெரிந்தது. ஐயா குனிந்து துண்டை நாலு விரல் முன்னால் நகர்த்தினார். "ஆம்பள நாயி. பின்னாடி இறுக்கினா ஒண்ணுக்குப் போவாது." வாசல் வரைக்கும் கோணிச்சாக்கு விரித்து, அதன்மேல் நடத்தி, வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோனோம். மண் தரையில் கால் பட்டதும் அதன் நடுக்கம் நின்றது. காலைத் தூக்கவில்லை, பெண் நாய் மாதிரிப் பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தி, ஒரு நிமிஷத்துக்கு மேல் போனது. நாங்கள் மூன்று பேரும் பேசாமல் நின்றோம். ஏழு கேள்வியில் ஆறுக்கு அந்த அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது. ஐயா காபி கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ரப்பர் பாய் வாங்கிவந்து, படுக்கையிலிருந்து வாசல், தண்ணீர்ச் சட்டி, அம்மா உட்காரும் நாற்காலி என்று மணி போகும் வழியெல்லாம் போட்டேன். லோடு ஆட்டோ அண்ணன் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கூம்பு நான் கேட்ட மூன்று கடையிலும் இல்லை. ஐயா ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை அறுத்து, கழுத்து வரும் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். மணிக்கு அது துளியும் பிடிக்கவில்லை, ஆனால் தையலுக்கு வாய் எட்டவில்லை. பாத விரல்களுக்கு நடுவில் இருந்த முடியையும் கத்தரித்துவிட்டார், பிடிமானம் கிடைக்கும் என்று. மாத்திரையை எப்போதும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கொடுத்தோம்.

நாய் தன் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. அதனால் போனது பின்னங்காலாக இருந்ததே நல்லது என்றார் ஐயா. மூன்றாம் நாள் துண்டில்லாமல் நாலு தப்படி வைத்தது. மெதுவாக நடக்கத்தான் அதற்குக் கஷ்டம், கொஞ்சம் வேகம் எடுத்தால் தத்தித் தத்தி எளிதாகப் போகிறது. அதைப் பார்த்துவிட்டு நீளமாகக் கூட்டிப்போக ஆசை வரும், கூடாது. ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, அவ்வளவுதான். மாடிப்படிக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டோம்.

ஐந்தாம் நாள் தையலுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குத் தண்ணீர்ப் பை மாதிரி வீங்கியது. அம்மா அரண்டுவிட்டார். ஐயா புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடில்லை, சிவப்பில்லை, சீழ் இல்லை, வாடையில்லை, நாயும் சாப்பிடுகிறது. நீர் கோத்திருக்கிறது, தானே வற்றும், யாரும் குத்தி எடுக்கக் கூடாது என்றார். தையல் பிரித்த அன்று டாக்டரும் அதையே சொன்னார். வயிற்றில் கன்றிப்போன ஊதா நிறம் மஞ்சளாகி மறைந்தது. மஞ்சள் அரைத்துப் பூசலாம் என்று வந்த யோசனைகளை அம்மாவே திருப்பி அனுப்பினார்.

எனக்கு மனசு விட்டுப்போனது இரண்டாவது வாரம்தான். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நாய் திடீரென்று வீறிட்டு, இல்லாத காலின் பக்கம் திரும்பிப் பார்த்தது. அடுத்தடுத்து மூன்று ராத்திரி. கவன்ட்ரி பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டேன். அவர்கள் நாய்க்கும் அப்படித்தான் வந்ததாம், அறுபட்ட நரம்பின் வலிக்கு காபாபென்டின் என்ற மருந்து கொடுத்தார்களாம். டாக்டரிடம் கேட்டதும் எடைக்குத் தகுந்த அளவு எழுதிக் கொடுத்தார். அழுகை குறைந்தது. இதை நான் கேட்காமல் இருந்திருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

அம்மாவோடு ஒரே ஒரு சண்டை. கால் போன பிள்ளை என்று பால் சோறும் பிஸ்கட்டுமாக ஊட்டுகிறார். மூன்று காலில் நான்கு காலின் எடையே அதிகம், இன்னும் ஏற்றினால் மூட்டு தேய்ந்துபோகும். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று ஐயா சொன்ன அப்புறம்தான் பிஸ்கட் டப்பா மேலே ஏறியது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஐயாவைத் திண்ணையில் உட்கார வைத்து அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதினேன். துண்டு, ரப்பர் பாய், பக்கெட், மாத்திரை, வீக்கத்தில் பார்க்க வேண்டியவை, கொடுக்கக் கூடாத மாத்திரைகள் எல்லாம் தமிழில். ஐம்பது ஜெராக்ஸ் எடுத்து அதே கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் படித்துவிட்டு மாத்திரை பற்றிய ஒரு வரியைத் திருத்தினார், கவுண்டரில் வைக்கலாம் என்றார்.

கவுண்டரில் அதே தம்பி. கோபத்தோடுதான் நீட்டினேன். வாங்கி, நின்றபடியே முழுப் பக்கத்தையும் படித்தார். அப்புறம் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"மேடம், துண்டை எங்க குடுக்கணும்னு ஒரு படம் போட்டுத் தாங்களேன். படிக்கத் தெரியாதவங்களும் நாய தூக்கிகினு வராங்க."

கவுண்டரிலேயே வரைந்து கொடுத்தேன். ஒரு காது நிமிர்ந்த நாய், மூன்று கால், வயிற்றுக்கு அடியில் துண்டு.