பழைய பிக்கப்பின் அலாய் வீலுக்குப் புதுப்பூச்சு: பவுடர் கோட்டிங்கா, டூ-கே பெயின்டா, டைமண்ட் கட்டா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஓடும் பழைய பிக்கப்புகளுக்குப் புது அலாய் வீல் வாங்குவதைவிட, சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பயன்படுத்திய வீல்களை வாங்கிவந்து பூச்சைப் புதுப்பித்து மாட்டிக்கொள்வதுதான் பலருக்குக் கட்டுப்படியாகிறது. 2016-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 16 அங்குல வீல்கள் இன்றும் உறுதியாகவே இருக்கின்றன. மேல்பூச்சுதான் உரிந்தும் வெளுத்தும் போயிருக்கிறது. பூச்சைப் புதுப்பிக்க உள்ள மூன்று முக்கிய வழிகளைக் கடைக்காரர்கள் பளபளப்பை வைத்தே ஒப்பிடுகிறார்கள். மண் சாலையிலும் ஜல்லியிலும் ஓடும் வண்டிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. முதல் கல் பட்டுப் பூச்சு தெறித்தபின் அந்த இடத்தில் என்ன நடக்கிறது, அதைச் சரிசெய்ய எவ்வளவு வேலை பிடிக்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை சில உண்டு. வி-கிராஸின் வீலில் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் 6 நட்டுத் துளைகள் இருக்கும். டொயோட்டா ஃபார்ச்சூனரின் வீலும் அதே துளைக் கணக்குடையது. ஆனால் நடுத் துளையின் விட்டமும், ஆஃப்செட்டும் (வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) வண்டிக்கு வண்டி மாறுவதால், துளைகள் பொருந்துவதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. டயரைக் கழற்றிய பிறகு வீலைப் பேலன்சிங் இயந்திரத்தில் சுற்றவிட்டு விளிம்பில் ஆட்டம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். டயர் பதியும் உள்விளிம்பில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளைப் பொருக்கு படர்ந்திருந்தால், அது அலுமினியம் அரித்த தடம். டியூப்லெஸ் டயரில் மெல்லக் காற்று இறங்குவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். அதைச் சுரண்டிச் சமன்செய்யாமல் மேலே எந்தப் பூச்சு அடித்தாலும் பயனில்லை. ஆரக்காலிலோ விளிம்பிலோ விரிசல் கண்ட வீலை வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னாலும் வாங்காமல் விடுவதே நல்லது. சுமை ஏற்றும் வண்டிக்கு அது ஆகாது.

பவுடர் கோட்டிங்கில், பழைய பூச்சை முழுவதும் நீக்கிய வீலின்மேல் மின்னூட்டிய தூளைத் தூவி, அடுப்பில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் படியவைக்கிறார்கள். கிடைக்கும் படலம் ஏறத்தாழ 60 முதல் 100 மைக்ரான் தடிமன் கொண்டது. சிறு கற்களின் அடியைச் சாதாரண பெயின்டைவிட நன்றாகத் தாங்கும். சிக்கல் அடுப்பில்தான் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் பவுடர் கோட்டிங் கூடங்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி பீரோ, ஜன்னல் கம்பி, கேட் போன்ற மெல்லிய இரும்புச் சாமான்கள். மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறிவிடும். நடுப்பகுதி கனமாக வார்க்கப்பட்ட வீல் அவ்வளவு விரைவில் சூடேறாது. அடுப்புக் காற்றின் வெப்பத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டு வெளியே எடுத்துவிட்டால், வெளித்தோற்றத்தில் குறை தெரியாத பூச்சு உள்ளே முழுமையாக இறுகாமல் நின்றுவிடும். அதைச் சரிக்கட்ட வெப்பத்தைக் கூட்டினாலோ வேறு கேடு வரும். அலாய் வீல்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஏ356 என்ற அலுமினியக் கலவை, தொழிற்சாலையில் 150 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் பல மணி நேரம் பதப்படுத்தப்பட்டே தன் வலிமையைப் பெறுகிறது; அந்த அளவை மீறி நெடுநேரம் சுட்டாலோ, திரும்பத் திரும்பச் சுட்டாலோ வலிமை குறையத் தொடங்கும். முறையாக ஒருமுறை சுடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்று மூன்றாம் முறையாக உரித்துச் சுடச் சொல்வது வீண் வேலை.

இன்னொன்றையும் கூடத்தாரிடம் கேட்டுவிட வேண்டும். வார்ப்பு உலோகத்தின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றும் எண்ணெய்ப் பிசுக்கும் சூட்டில் வெளியேறி, உருகும் தூளில் ஊசித் துளைகளை உண்டாக்கும். எனவே தூளைத் தூவுவதற்கு முன் வெறும் வீலை ஒருமுறை சூடேற்றி அந்தக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். "முதலில் சும்மா சுடுவீர்களா, அண்ணே?" என்ற கேள்விக்கு வரும் பதிலிலேயே வேலையின் தரம் தெரிந்துவிடும். வீல் கைக்கு வந்ததும், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் கண்ணில் படாத உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் தாராளமாக ஒட்டிக்கொண்டால் பூச்சு வேகவில்லை என்று பொருள்.

பவுடரின் உண்மையான பலவீனம் தெறித்த பிறகு தெரியவரும். அடித்தயாரிப்பு சரியில்லாத வீலில் தடித்த படலத்தின் ஓர் இடம் உடைந்தால், ஈரம் அதன் அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து பரவுகிறது. சில மாதங்களில் நகத்தால் நெம்பினாலே பூச்சு தகடு தகடாகக் கிளம்பும். அந்த இடத்தை மட்டும் பழையபடி ஒட்டுப்போட முடியாது. முழு வீலையும் உரித்தாக வேண்டும்.

டூ-கே பெயின்ட் என்பது ஹார்ட்னர் எனும் இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் வகை. டிங்கரிங் பட்டறைகளில் மலிவாக அடித்துத் தரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டையும் கடைகளில் விற்கும் ஸ்ப்ரே டப்பாவையும் இதனோடு சேர்த்து எண்ணக் கூடாது. பெட்ரோலோ தின்னரோ பட்டாலே அவை கரையும். டூ-கே முறையில், உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, விளிம்புக் கீறல்களுக்கு மெல்லப் பட்டி வைத்து, எபாக்சி பிரைமர், நிறம், கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சு என்று அடுக்குகிறார்கள். அலுமினியம் தேய்த்த கொஞ்ச நேரத்திலேயே காற்றில் ஆக்சைடு பூசிக்கொள்ளும். ஆகவே இன்று தேய்த்துவிட்டு நாளை பிரைமர் அடிக்கும் பட்டறையின் வேலை நிற்காது. படலம் பவுடரைவிட மெல்லியது என்பதால் கல் பட்டு எளிதில் தெறிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு புள்ளியைத் தேய்த்து, வண்டியிலிருந்து வீலைக் கழற்றாமலே ஒரு மாலைப் பொழுதில் சரிசெய்துவிடலாம். அடுப்புச் சூடு தேவைப்படாததால், ஏற்கெனவே பெண்டு எடுத்த வீலுக்கும் இதுவே பாதுகாப்பானது.

வேலூர் வெயில் டூ-கே வேலையைக் கெடுக்கக்கூடியது. 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திரத்தில் நண்பகலில் அடித்தால், தெளித்த பெயின்ட் வீலில் படிந்து பரவுவதற்குள் உலர்ந்து ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். மேற்பரப்பு முந்தி இறுகி, உள்ளே சிக்கிய தின்னர் கொப்புளமாக எழும்பும். அதிகாலையில், மெதுவாக உலரும் தின்னரைக் கலந்து அடிப்பதே தீர்வு. ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் கிளியரை மங்கச் செய்யும். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயைத் தாக்கக்கூடியது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இதை அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போது, உரிய முகமூடி இருக்கும் பட்டறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்றே தோன்றுகிறது.

டைமண்ட் கட் மூன்றிலும் அழகானது. இந்த வேலைக்கு மூன்றிலும் பொருந்தாததும் அதுதான். கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் வீலின் முகத்தை மெல்லச் சீவி, வெற்று உலோகத்தின்மேல் கிளியர் மட்டும் அடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் ஒன்றிரண்டு தடவைக்குமேல் செய்ய இயலாது. பெண்டு உள்ள வீலில் சீவல் ஒரே அளவாக விழுவதுமில்லை. சீவிய முகமும் நிறம் பூசிய பகுதியும் சந்திக்கும் கூரிய விளிம்பில் கிளியர் மிக மெல்லியதாகவே நிற்கும். அங்கே உப்பு ஈரம் புகுந்தால், கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் கிளைத்துப் பரவும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பேறிப்போனது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் பேசிய செய்தி. அத்தகைய போர்வெல் தண்ணீரில் வாட்டர் வாஷ் செய்து வெயிலில் உலரவிடும் பிக்கப்புக்கு டைமண்ட் கட் செய்வது காசைக் கரியாக்குவதாகும்.

குரோம் முலாமைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவைப் பற்றி அறிந்தவர்களுக்கு அதன்மேல் ஆசை வருவது கடினம். முலாம் உரிந்தால் அதன் விளிம்பு கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையாகவும் இருக்கும். பஃபிங் மட்டும் செய்து, அதாவது உலோகத்தையே தேய்த்துப் பளபளக்கவைத்து, பூச்சின்றி விடுவது, அடிக்கடி பாலிஷ் போடப் பொறுமை உள்ளவர்களுக்கு.

நான்கு வீல்களும் நேராக இருந்து, எல்லாவற்றிலும் பழைய பூச்சு கெட்டிருந்து, வார்ப்பு அலுமினிய வேலை தெரிந்த கூடமும் கிடைத்தால் பவுடர் கோட்டிங்கையே தேர்வேன். அவற்றில் ஒன்று குறைந்தாலும் டூ-கே பெயின்டுதான். எதுவானாலும் பழைய பூச்சை உரிக்கும் முறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும். இரும்புத் துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி பிளாஸ்டிங் செய்தால் துகள் உலோகத்தில் புதைந்து பின்னர் துருப்புள்ளியாக எழும். அலுமினியம் ஆக்சைடு துகளோ கண்ணாடி மணியோ ஏற்றது.

நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும், ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும் பூச்சு விழாதபடி மறைத்துத்தான் அடிக்க வேண்டும். அங்கே படிந்த படலம் ஓட்டத்தில் நசுங்கி மெலிய, நட்டு தானாகத் தளர்ந்துவிடும். மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். பேலன்சிங்கின்போது விளிம்பில் அடித்து மாட்டும் வெயிட்டைத் தவிர்த்து, உள்பக்கம் ஒட்டும் வெயிட்டைக் கேட்டு வாங்குங்கள். சுத்தியலின் முதல் அடியிலேயே புதுப்பூச்சு விண்டுபோகும்.