ஏஐ எழுதிய பக்கத்துக்கு 'ஓகே' சொல்லும் முன்: வேலூர்ப் பக்கத்து நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஆம்பூர் ஷூ யூனிட், ராணிப்பேட்டை டேனரி (தோல் பதனிடும் ஆலை), பாபு ராவ் தெரு லாட்ஜ், ஸ்கேன் சென்டர், பிரியாணிக் கடை. வேலூர் வட்டாரத்தில் வெப்சைட் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் பார்ட்டிகள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களுடைய பக்கங்களின் முதல் வரைவை இப்போது பல இடங்களில் ஏஐதான் எழுதித் தருகிறது. எந்தக் கருவி உசத்தி என்பதை இங்கே பேசப்போவதில்லை; அந்தப் பதில் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. வரைவு கைக்கு வந்ததற்கும் 'பப்ளிஷ்' பட்டனை அழுத்துவதற்கும் நடுவில் இருக்கும் வேலைதான் மாறாமல் இருக்கிறது.

நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தது இது: எழுதும் நேரம் நன்றாகவே மிச்சமாகிறது, சரிபார்க்கும் நேரம் மிச்சமாகவில்லை. கருவிகள் மேம்பட மேம்பட எழுத்துப்பிழை குறைந்தது. ஆனால் யாரும் கேட்காமல் அதுவாகச் சேர்க்கும் வரி குறையவே இல்லை. வம்பை இழுத்து வருவது அந்த வரிதான். பிழையாக எழுதியது கண்ணில் உறுத்தும். சொந்தமாகச் சேர்த்தது அழகாக, சரளமாக, நம்பும்படி இருக்கும்.

அதனால் ஒப்புதல் வேலை வரைவிலிருந்து தொடங்கக்கூடாது, தகவல் தாளிலிருந்து தொடங்க வேண்டும். கருவியிடம் எதையும் கேட்பதற்கு முன்பே, முதலாளியிடமிருந்து ஒரு ஏ4 தாளில் விவரம் வாங்கிவிட வேண்டும். என்ன பொருள், எந்த ஆண்டிலிருந்து, என்னென்ன சான்றிதழ், அதன் எண், அது எந்தத் தேதிவரை செல்லும், பின்கோடோடு முகவரி, வேலை நேரம், 'இதைப் போடவே கூடாது' என்பவை. ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள். வரைவு வந்ததும் அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் அது தாளின் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று குறியுங்கள். எண் இல்லாத வாக்கியம் சிவப்பு. சிவப்பைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெட்டுங்கள், அல்லது பார்ட்டியிடம் கேட்டுத் தாளில் ஏற்றுங்கள். பக்கம் குட்டையாகிவிடுமே என்ற கவலையே வேண்டாம்.

டேனரிப் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தாளில் இருந்தது 'எஃப்ளுயன்ட் (கழிவுநீர்) பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது' என்ற ஒரே வரி. வரைவில் வந்தது: 'சுத்திகரிக்கப்பட்ட நீர் பாதுகாப்பான முறையில் பாலாற்றில் விடப்படுகிறது.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டேனரிக் கழிவுநீரால் வந்த பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். இன்று இங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறையில், ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் வைத்து இயங்க வேண்டியவை. அந்த வாக்கியம் வெளியானால், கம்பெனி தன் கையாலேயே எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். வேறு நாட்டு டேனரிப் பக்கங்களைப் படித்து வளர்ந்த கருவிக்கு, தண்ணீர் கடைசியில் ஆற்றுக்குத்தானே போகும் என்ற நினைப்பு.

அதே பக்கத்தில் 'எல்.டபிள்யூ.ஜி. கோல்டு சான்று பெற்றது' என்றும் ஒரு வரி வந்து உட்காரும். எல்.டபிள்யூ.ஜி. என்பது லெதர் ஒர்க்கிங் குரூப்; அதன் தரநிலை ஆடிட் முடிந்து கொடுக்கப்படுவது. கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்) என்று படிகள் உண்டு, காலாவதியும் உண்டு. ஐரோப்பிய வாங்குபவர் அதைப் பட்டியலில் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். 'குரோமியம் இல்லாத தோல்' என்ற சொல்லும் அப்படித்தான். குரோம் டேனிங் செய்யும் இடத்தில் சொல்லக்கூடியது, ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியம் VI) ஐரோப்பிய வரம்பான கிலோவுக்கு 3 மி.கி.க்குக் கீழே இருக்கிறது என்பது மட்டுமே. அதுவும் லேப் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான். பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுபவர்கள் வேறு. அவர்களுடைய வரியைத் தூக்கி இவர்கள் பக்கத்தில் ஒட்ட முடியாது.

தொழில் சொற்கள் தனிக் கூத்து. வெட் புளூ (குரோம் போட்டுப் பதனிட்ட ஈரத் தோல்) 'ஈர நீலம்' ஆகிவிடும், கிரஸ்ட் (பதனிட்டு உலர்த்தி, ஃபினிஷிங் செய்யாத தோல்) 'மேலோடு' ஆகிவிடும், ஷூ அப்பர் 'மேல்பகுதி' ஆகிவிடும். தோல் மண்டியில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பார்ட்டி பேசும் சொல்லையே ஒரு பட்டியலாக்கி, தகவல் தாளின் பின்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கருவிக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தால் பாதித் தொல்லை போகும்.

மருத்துவம் சார்ந்த பக்கங்களை மொழி பார்ப்பவர் மட்டும் பார்த்து அனுப்பக்கூடாது. ஸ்கேன் சென்டர் பக்கத்தில் கேள்வி பதில் பகுதி கேட்டால், 'குழந்தை ஆணா பெண்ணா என்று எந்த வாரத்தில் தெரியும்?' என்ற கேள்வியைக் கருவி சாதாரணமாக எழுதித் தரும். வெளிநாட்டில் அது சாதாரணம். இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாலினம் கண்டறிவது பற்றி விளம்பரம் செய்வதே குற்றம்; மூன்று ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். சித்த வைத்தியசாலைப் பக்கத்தில் 'சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்' என்ற வரி வந்தால், 1954ஆம் ஆண்டு மருந்து, மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் நிற்கிறது. புற்றுநோய்க்கும் அதே கதை. இந்தப் பக்கங்களுக்கு டாக்டரின் கையெழுத்து வாங்காமல் அனுப்பவே வேண்டாம்.

லாட்ஜ் பக்கங்களில் மூன்று இடம் பார்த்தால் போதும். 'சி.எம்.சி.யின் அங்கீகாரம் பெற்ற' என்ற வரி. சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கீகாரம் வந்துவிடாது. 'அடையாள அட்டை தேவையில்லை' என்ற வரி. பங்களாதேஷிலிருந்து வரும் நோயாளிகளும் தங்கும் ஊர் இது, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரப் படிவத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம் ரயில் நிலையம். 'வேலூர் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை' என்று எழுதும். சென்னை, பெங்களூர் வண்டிகள் நிற்பது காட்பாடி ஜங்ஷனில். அங்கிருந்து நடந்து வருபவர் நம்மைத் திட்டுவார்.

ஊர் விவரத்தில் கருவிகள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தின் எல்லை பல முறை மாறியிருக்கிறது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. வலையில் கிடக்கும் பழைய எழுத்தெல்லாம் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் ஏலகிரியையும் வேலூர் மாவட்டம் என்றே சொல்லும். இப்போது மூன்றும் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டம். குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே இருக்கின்றன. ஆம்பூர்க் கடைக்கு 0416 என்று எஸ்.டி.டி. கோடு போடும், அது வேலூருக்கு, ஆம்பூருக்கு 04174. இதற்கு நேர்மாறான பிழையும் வரும். 1970களில் ஆரம்பித்த கம்பெனியின் வரலாற்றில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று எழுதிக்கொடுத்தால், அதை 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று திருத்தித் தரும். அன்றைய பதிவில் இருப்பது அன்றைய பெயர்தான். அதைத் தொடவிடாதீர்கள்.

சுற்றுலாப் பக்கத்தில் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் 'பழமைவாய்ந்த ஆலயம்' என்று எழுதும். 2007இல் திறந்தது. வேலூர்க் கோட்டைக் கலகத்தின் தேதியையும் பாருங்கள்: 1806 ஜூலை 10. பிரியாணிப் பக்கத்தில் பாசுமதியும் குங்குமப்பூவும் வந்து விழும். சீரகச் சம்பா எங்கே, கத்தரிக்காய் எங்கே என்று ஆம்பூர்க்காரர் சண்டைக்கு வருவார்.

மொழியைக் கடைசியில் பாருங்கள். முதலிலேயே நடையைச் செதுக்கினால், அப்புறம் வெட்டப்போகும் வரிக்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருக்கும். வாய்விட்டுப் படியுங்கள். 'வழங்கப்படுகிறது', 'அமைந்துள்ளது', 'ஆகும்' என்று வரிக்கு வரி முடிந்தால் உடைத்து எழுதுங்கள். எங்கும் நிற்கும் 'ஒரு'வை எடுங்கள். கடைசிப் பத்தி 'மொத்தத்தில்' என்று தொடங்கினால் பத்தியையே எடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு: 'ஸ்ரீ' எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும், ஸகர மெய்யோடு ஒன்று, ஶகர மெய்யோடு ஒன்று. திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். தேடினால் ஒன்று சிக்கும், மற்றது சிக்காது. ஸ்ரீபுரம் என்று பத்து இடத்தில் வரும் பக்கத்தில் இதைக் கண்டுபிடித்து மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸில் கருவிக்குத் தனிக் கணக்கு போட்டு, 'பங்களிப்பாளர்' உரிமை மட்டும் கொடுங்கள். அந்த உரிமையில் வெளியிட முடியாது, படம் ஏற்ற முடியாது. பதிவு 'மதிப்பாய்வுக்காகக் காத்திருக்கிறது' என்ற நிலையில் நிற்கும். ப்ளகின் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டில் ஓடினால் இந்தத் தடுப்பெல்லாம் வீண். பங்களிப்பாளரால் பதிவு மட்டுமே எழுத முடியும், நிலையான பக்கம் போட முடியாது. அதை எடிட்டர்தான் ஒட்ட வேண்டும். ஏற்கெனவே வெளியான பக்கத்தில் 'அப்டேட்' அழுத்தினால் நேராக வெளியே போய்விடும் என்பதால், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

பலரும் உடல் பகுதியைப் படித்துவிட்டு ஓகே சொல்லிவிடுகிறார்கள். தேடல் விளக்கம், படத்தின் மாற்று உரை, கேள்வி பதிலுக்கான ஸ்கீமா (தேடுபொறி படிக்கும் குறிமுறை), பக்க முகவரி (யுஆர்எல்) நான்கும் வேறு பெட்டிகளில் இருக்கும். உடலில் வெட்டிய 'கோல்டு சான்று' தேடல் விளக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கூகுள் தேடலில் தலைப்புக்குக் கீழே அதுவே தெரியலாம். பக்க முகவரியைத் தமிழில் விட்டால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் வரம்பு 200 என்பதால் இருபத்திரண்டு குறியோடு அறுந்துவிடும், அதில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. சின்னதாக ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பார்ட்டியின் ஒப்புதல் வாட்ஸ்அப் கட்டைவிரலாக வந்தால் அதை ஏற்கக் கூடாது. அவர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பதிப்பு எண் போட்ட பிடிஎஃப்பில், எண், சான்றிதழ், முகவரி, விலை இருக்கும் வரிகளுக்கு மட்டும் மஞ்சள் அடித்து, 'மஞ்சள் வரிகளைப் படித்துப் பார்த்துச் சரி என்று எழுதி அனுப்புங்கள் அண்ணே' என்று கேளுங்கள். முழுப் பக்கத்தையும் படிக்கச் சொன்னால் ஒரு மாதம் ஆகும்; மஞ்சளை அன்று மாலையே பார்த்துவிடுவார்கள்.

600 சொல் பக்கத்துக்கு இத்தனையும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரே உட்காரலில் நான்கு பக்கத்துக்கு மேல் பார்த்தால் கண் வாக்கியத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, சிவப்பு விழுவதே நின்றுவிடுகிறது. தினம் ஐம்பது பதிவு ஏற்றித் தருகிறோம் என்று பேக்கேஜ் விற்பவர்கள் எங்கே சரிபார்க்கப்போகிறார்கள்? கூகுள் 2024 மார்ச்சிலேயே மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களை ஸ்பாம் பட்டியலில் சேர்த்துவிட்டது; ஏஐ எழுதியதா, ஆள் எழுதியதா என்பது அங்கே கணக்கில்லை.

விலைப் பட்டியல், அறை வாடகை, டாக்டர் வரும் நேரம் மூன்றையும் கருவியிடம் கொடுக்கவே வேண்டாம். கையால் தட்டச்சு செய்து தனி அட்டவணையாக வையுங்கள். சான்றிதழ் காலாவதியாகும் தேதியை, பக்கம் வெளியான அன்றே காலண்டரில் ஒரு மாதம் முன்கூட்டிக் குறித்துவிடுங்கள். புதுச் சான்றிதழ் வரவில்லை என்றால் அந்த வரியை எடுக்க வேண்டியது எடிட்டர்தான்.