நம்ம ரூலா, புக் ரூலா? ஞாயித்துக்கிழமை கோல்ஃபுக்கு எது சரிப்படும்

எங்க செட்டு ஏழு வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல ஆடுது. கோயம்புத்தூர்ல நாலு பேர்: நான், ஒரு டாக்டர், மில் வச்சிருக்கற ஒரு அண்ணன், அப்புறம் என் மச்சான். இதுல மொத அஞ்சு வருஷம் நம்ம ரூல், கடைசி ரெண்டு வருஷமா புக் ரூல். அதே ஆளுங்க அதே கோர்ஸ்ங்கறதால ஒப்பிட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன். ஆனா இப்பவே சொல்லிடறேன், நான் புக் ரூல் பக்கம் சாஞ்சுட்டேன், நடுநிலை எல்லாம் எதிர்பாக்காதீங்க.

நம்ம ரூல்னா என்னன்னு ஆடுறவங்களுக்குத் தனியா சொல்லத் தேவையில்ல. டீல (ஹோல் ஆரம்பிக்கற எடம்) பந்து கோணலா போச்சுன்னா ஒரு முல்லிகன், அதாவது மொத அடிய எண்ணாம திருப்பி ஒரு அடி, ரெண்டடிக்குள்ள பட் (குழிக்கு உருட்டி விடற அடி) இருந்தா கிம்மி, அதாவது அடிக்காமலே உள்ள போனதா ஒரு ஷாட் கணக்கு, ரஃப்ல (ஓரத்து நீளப் புல்லுல) பந்து பள்ளத்துக்குள்ள கெடந்தா புல்லு மேல எடுத்து வச்சுக்கலாம், தொலைஞ்சு போச்சுன்னா அங்கயே எங்கயாவது ஒன்னப் போட்டு ஒரு பெனால்டியோட அடிச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம், எந்த ஹோலும் டபுள் போகிக்கு (பார், அதாவது அந்த ஹோலுக்கு வச்ச ஷாட் எண்ணிக்கைய விட ரெண்டு கூட) மேல எழுத வேணாம். ஜாலியா இருக்கும், சீக்கிரமும் முடியும், நாலு மணி நேரத்துல 18 ஹோல் முடிச்சுட்டு டிபனுக்கு உக்காந்துடுவோம். அந்த சந்தோஷத்த நான் கொறை சொல்லல.

புக் ரூல்னா கோல்ஃப் ரூல வகுக்கற ரெண்டு அமைப்புங்க, ஆர் அண்ட் ஏவும் யூஎஸ்ஜிஏவும், சேந்து போடுற ரூல் புக். பந்து கெடக்கற எடத்துல அடி, அடிச்சது அத்தனையும் எண்ணு, குழிக்குள்ள விழற வரைக்கும் பட் பண்ணு. எல்லாரும் பயப்படறது இதுக்குத்தான்.

சின்ன வயசுல தெருவுல கிரிக்கெட் ஆடினவங்களுக்கு முல்லிகன் புதுசில்ல, நம்ம ட்ரையல் பால்தான் அது. ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க, தெரு கிரிக்கெட் ரூல் தளர்வான ரூலே கெடையாது. ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டுன்னா அவுட்டுதான், எதுத்த வீட்டு காம்பவுண்டுக்குள்ள நேரா விழுந்தா பேட் யாருதா இருந்தாலும் அவுட்டுதான், அதெல்லாம் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சது. எங்க கோல்ஃப்ல அப்படி எதுவும் பேசினதே இல்ல. ரெண்டடி கிம்மின்னு பேரு, மில் அண்ணன் பந்துன்னா நாலடில நின்னாலும் "எடுங்கண்ணா எடுங்கண்ணா"ன்னு மூணு பேரும் ஒரே குரல்ல சொல்லுவோம், என் மச்சான் பந்து ஒன்றரை அடில நின்னா யாரும் வாயத் தொறக்க மாட்டோம், அவன் எங்க மூஞ்சியப் பாத்துட்டே குனிஞ்சு பட் பண்ணுவான். வயசு, மரியாதை, யார் கார்ல வந்தோம், எல்லாம் சேந்துதான் கிம்மியோட நீளத்த முடிவு பண்ணும். அவரும் கேக்கல, நாங்களாத்தான் குடுத்தோம்.

சரி, இதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும், இதுக்காக மட்டும் நான் மாறல. என்னை மாத்தினது ஹேண்டிகேப், அதாவது நம்ம தெறமைக்கேத்தபடி நம்ம ஸ்கோர்ல கழிச்சுக்க விடற ஷாட் எண்ணிக்கை, நல்லா ஆடுறவங்களுக்குக் கம்மி. இத மட்டும் கொஞ்சம் இழுத்துதான் சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க.

மூணு வருஷம் முன்னாடி கொடைக்கானல்ல ஒரு ஆட்டம், நண்பர் ஒருத்தரோட ஆபீஸ் ஆளுங்க சேந்து வச்சது, ஜோடி ஜோடியா ஸ்டேபிள்ஃபோர்டு, அதாவது ஒவ்வொரு ஹோல் ஸ்கோருக்கும் பாயிண்ட் குடுக்கற ஆட்டம். 1895ல ஆரம்பிச்ச கிளப் அது, மேடும் பள்ளமும் பைன் மரமுமா, காட்டுமாடு அது பாட்டுக்கு ஃபேர்வேல (நடுவுல வெட்டி வச்ச புல் பாதைல) மேஞ்சுட்டு நிக்கும், நகர்ற வரைக்கும் நாமதான் காத்திருக்கணும். என் ஹேண்டிகேப் 16ன்னு எழுதிக் குடுத்தேன், எங்க ஊர்ல கார்டு போட்டுப் போட்டு வந்த நம்பர் அது, நாலு பேரும் மாத்தி மாத்தி கையெழுத்துப் போட்டுக்குவோம். ஸ்டேபிள்ஃபோர்டுல 36 பாயிண்ட் எடுத்தா நம்ம ஹேண்டிகேப்புக்கு ஏத்தபடி ஆடியிருக்கோம்னு அர்த்தம். நான் எடுத்தது 19. எனக்கு ஜோடியா வந்தவர் முன்ன பின்ன தெரியாதவர், ரொம்ப மரியாதையான மனுஷன், ஒம்போதாவது ஹோல் வரைக்கும் ஒன்னும் சொல்லல. அதுக்கப்புறம் மிஸ்ட் எறங்கிச்சு, பந்து தேடிட்டு நிக்கறப்ப பக்கத்துல வந்து மெதுவா கேட்டார், "சார், 16ங்கறது போன வருஷத்துதுங்களா?" மிஸ்ட் இருந்தது நல்லதாப் போச்சு, என் மூஞ்சி அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

ஊருக்கு வந்து அடுத்த ஞாயித்துக்கிழமை யாருக்கும் சொல்லாம ரெண்டு கார்டு வச்சுக்கிட்டேன். ஒன்னுல நம்ம ரூல் ஸ்கோர், இன்னொன்னுல புக் ரூல் ஸ்கோர். நம்ம ரூல்ல 88. அதுக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னா, ரெண்டு முல்லிகன், ரெண்டுமே ஓபி, அதாவது எல்லைக்கு வெளிய போன பந்துக்கு, புக் ரூல்படி ஒவ்வொன்னும் ரெண்டு ஷாட், ஆக 4. கிம்மி எடுத்த ஏழு பட்டையும் எல்லாரும் அடுத்த டீக்கு நடந்தப்புறம் விளையாட்டுக்கு அடிக்கற மாதிரி அடிச்சுப் பாத்தேன், அதுல 3 உள்ள போகவே இல்ல. தொலைஞ்ச பந்து ரெண்டுக்கும் ஒரு பெனால்டி கொறைச்சுப் போட்டது 2. பந்துல படாம காத்த வெட்டினது 1, அத நாங்க ப்ராக்டிஸ் ஸ்விங்னு சொல்லிக்குவோம். ஒரு பார் 4ல 9 அடிச்சுட்டு 6ன்னு எழுதினது 3. மொத்தம் 13, அதாவது உண்மையான ஸ்கோர் 101. பந்த நகத்தி நகத்தி வச்சு அடிச்சதால எத்தன மிச்சமாச்சுன்னு கணக்குப் பண்ண வழியே இல்ல, அத விட்டுட்டேன்.

2020ல வந்த வேர்ல்டு ஹேண்டிகேப் சிஸ்டத்துல கடைசி 20 ரவுண்டுல நல்லா ஆடின 8 ரவுண்ட எடுத்துத்தான் சராசரி போடுவாங்க. ஒரு கார்டு ரெண்டு கார்டுல தப்பு இருந்தா பரவால்ல, எல்லா கார்டுலயும் பத்துப் பன்னண்டு ஷாட் அமுக்கியிருந்தா நம்பர் எங்க நிக்கும்? இதுல வேடிக்கை என்னன்னா இந்தத் திருட்டுல நமக்கு லாபமே இல்ல. ஹேண்டிகேப் கம்மின்னா எதிராளிகிட்ட இருந்து கெடைக்கற ஷாட்டும் கம்மி, வெளியூர்ல யாரோட ஆடினாலும் தோக்கத்தான் செய்வோம். கவரிங் நகை மாதிரிதான், வீட்டுக்குள்ள போட்டுட்டுத் திரியலாம், அடகுக் கடைல தராசுல வைக்கறப்பதான் மானம் போகும். எங்க நாலு பேருக்குள்ள மட்டும் ஆடுற வரைக்கும் எல்லாரும் ஒரே அளவு அமுக்கறதால ஒன்னும் தெரியாது (மச்சான் தவிர, அவனுக்குத்தான் கிம்மியே கெடைக்காதே, இப்ப யோசிச்சா எங்க நாலு பேர்ல அவன் நம்பர்தான் நெஜமான நம்பர்).

இப்ப முக்கியமான விஷயம். புக் ரூல்னா கொடுமைன்னு நெனச்சுட்டு இருந்தேன், எடுத்துப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது நாங்க திருடிட்டு இருந்ததுல பாதி அதுலயே சட்டப்படி இருக்குன்னு. 2019ல பெருசா மாத்தினாங்க, 34 ரூல் 24 ஆச்சு. பட் பண்றப்ப கொடிய எடுக்கத் தேவையில்ல, க்ரீன்ல (குழிய சுத்தி இருக்கற வழவழ புல்தரைல) கை தவறி பந்து நகந்துட்டா பெனால்டி இல்ல, திருப்பி வச்சுக்கலாம், பங்கர்ல (மணல் பள்ளத்துல) பந்துகிட்ட கெடக்கற காஞ்ச எல, கல்ல எடுத்துப் போடலாம், ஸ்ட்ரோக் ப்ளேல (மொத்த ஷாட்ட எண்ணி ஆடுறதுல) யார் ரெடியோ அவங்க மொதல்ல அடிக்கலாம். டபுள் போகிக்கு மேல எழுத மாட்டோம்னு நாங்களா ஒன்னு வச்சிருந்தோமே, ஹேண்டிகேப் கணக்குலயே அப்படி ஒரு உச்சவரம்பு இருக்கு, டபுள் போகியோட அந்த ஹோல்ல நமக்குக் கெடைக்கற ஷாட்டையும் கூட்டிக்கணும். எனக்கு அந்தப் பார் 4ல ஒரு ஷாட் உண்டு, அப்ப 4, 2, 1, மொத்தம் 7தான் உச்சம், 9 அடிச்சாலும் 7ன்னுதான் போகும். ஆக ஹேண்டிகேப்புக்கு அந்த 101 வெறும் 99. ஸ்டேபிள்ஃபோர்டுல ஆடினா இன்னும் சுலபம், பாயிண்ட் கெடைக்காதுன்னு ஆனதும் பந்த எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டு நடக்கலாம், 1932லயே இங்கிலாந்துல வாலஸி கிளப்ல இப்படி ஆட ஆரம்பிச்சுட்டாங்க. கிம்மியும் மேட்ச் ப்ளேல (ஹோலுக்கு ஹோல் யார் ஜெயிச்சாங்கன்னு பாக்கற ஆட்டத்துல) சட்டப்படி சரி, எதிராளி குடுத்தா எடுத்துக்கலாம். 1969 ரைடர் கப்ல கடைசி ஹோல்ல அமெரிக்காவோட ஜாக் நிக்லஸ் பிரிட்டனோட டோனி ஜாக்லினோட பட்டை விட்டுக்குடுத்து மொத்த போட்டியே 16-16ன்னு சமமா முடிஞ்சுது. எங்க அண்ணனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஏன்னு சொல்ல வேணாம்.

புக்ல நெஜமாவே வலிக்கறது ஒன்னே ஒன்னுதான், தொலைஞ்ச பந்து. ஒரு பெனால்டியும் வாங்கிட்டு, அடிச்ச எடத்துக்கே திரும்பி நடக்கணும். 1744ல ஸ்காட்லாந்துல லீத்ல எழுதின மொத 13 ரூல்லயே இது இருக்கு. பின்னாடி ரெண்டு செட்டு காத்துட்டு நிக்கறப்ப 200 கெஜம் திரும்பி நடந்து பாருங்க, முல்லிகன் கண்டுபிடிச்சவன கையெடுத்துக் கும்பிடத் தோணும். ஆனா இதுக்கும் 2019ல ஒரு லோக்கல் ரூல் குடுத்திருக்காங்க, கமிட்டி அமல்படுத்தினா போதும்: பந்து தொலைஞ்ச எடத்துக்கு நேரா ஃபேர்வே ஓரத்துக்கு வந்து, குழிக்குக் கிட்டப் போகாம, ரெண்டு பெனால்டியோட ட்ராப் பண்ணிக்கலாம். டீ ஷாட் தொலைஞ்சா அடுத்து அடிக்கறது நாலாவது ஷாட். நாங்க மூணாவதுன்னு எழுதிட்டு இருந்தோம், வித்தியாசம் அவ்ளோதான், ஆனா திரும்பி நடக்க வேணாம். அந்த ஸ்கோர் ஹேண்டிகேப்புக்கும் செல்லும். உங்க கிளப்ல இது அமல்ல இருக்கான்னு ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, இல்லன்னா சந்தேகம் வந்ததுமே ப்ரொவிஷனல், அதாவது மாத்துப் பந்து ஒன்னு அடிச்சுட்டுப் போங்க.

தேடற நேரமும் 5 நிமிஷத்துல இருந்து 3 நிமிஷம் ஆயிடுச்சு. இதுல கேடிங்க, அதாவது பை தூக்கிட்டு நம்மகூட வர்றவங்க பத்திச் சொல்லணும். எங்களோட வருஷக்கணக்கா வர்ற கேடி ஒருத்தர், ரஃப்ல தொலைஞ்ச பந்த அவர் எப்பவுமே கண்டுபிடிச்சுடுவார், அதுவும் நல்ல எடத்துல, மரத்துக்கும் க்ரீனுக்கும் நடுவுல வழி தெரியற மாதிரி. ரொம்ப நாள் கழிச்சுதான் பாத்தேன், செருப்பக் கழட்டிட்டு கால் விரல் இடுக்குல பந்தப் பிடிச்சு, மேல எங்கயோ பாத்துட்டே ரெண்டு தப்படி நடந்து விட்டுடுவார், கை தொடவே தொடாது. அவரக் கொறை சொல்லி என்ன பண்றது, பந்து கெடைச்சா நாங்க சிரிக்கிறோம், கெடைக்கலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறோம். புக் ரூலுக்கு மாறின அன்னைக்கு "அண்ணா, இனிமே கெடக்கற எடத்துலயே விட்டுடுங்க"ன்னேன். "அப்ப ஸ்கோர் ஏறுமேங்க"ன்னார், நெஜமான வருத்தத்தோட.

ஏறத்தான் செஞ்சுது. என் ஹேண்டிகேப் 16ல இருந்து ஏறி இப்ப 21ல நிக்குது. நேரமும் மொத மாசம் நாலே முக்கால் மணி ஆச்சு, ரெடியா இருக்கறவர் அடிங்க, மூணு நிமிஷத்துக்கு மேல தேடாதீங்கன்னு வச்சப்புறம் நாலேகால்ல முடியுது. கால் மணி நேரம் நஷ்டம்தான், ஒத்துக்கறேன்.

நம்ம ரூல்தான் சரின்னு நான் இன்னும் நெனைக்கற எடம் உண்டு. புதுசா கத்துக்கறவங்களுக்கு புக் ரூல் வேணவே வேணாம். என் அக்கா பையனக் கூட்டிட்டுப் போறப்ப கார்டே எடுக்கறதில்ல, பந்த எங்க வேணா டீ வச்சு அடிடான்னு விட்டுடுவேன். கம்பெனி அவுட்டிங், வயசானவங்க, முதுகு ஆபரேஷன் பண்ணினவங்க, இவங்களுக்கெல்லாம் யார் போய் ரூல் பேசுறது. வெயில் காலத்துல புல்லே இல்லாம மண்ணும் கல்லுமா கெடக்கறப்ப பந்த எடுத்து வச்சுத்தான் ஆடணும், ஐயர்ன் மட்டை போயிடும், அதுக்கும் கிளப்பே ப்ரிஃபர்ட் லை (பந்த எடுத்து வச்சுக்கலாம்னு) போர்டு வச்சா அது புக் ரூல்தான். அப்புறம், ஒன்பது ஹோல் ஊர்க் கோர்ஸ்ல கூட்டத்துக்கு நடுவுல ஆடுறவங்களுக்கு என் கணக்கு ஒத்து வருமான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, நான் அப்படி ஆடினது மொத்தமே நாலஞ்சு ரவுண்டுதான்.

இன்னொன்னு, ஹேண்டிகேப்பே வேணாம், வெளியூர் ஆட்டமும் வேணாம், சாகற வரைக்கும் இதே நாலு பேருதான்னு இருந்தா நான் சொன்ன காரணம் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. டாக்டர் அப்படித்தான் சொல்லிட்டு இன்னும் மொத டீல ரெண்டு பந்து அடிக்கறார். நாங்க அவர் கார்டு ஓரத்துல முல்லிகனுக்கு முனான்னு ஒரு எழுத்துப் போட்டுடறோம், அந்தக் கார்டு ஹேண்டிகேப்புக்குப் போகாது, டிபன் பந்தயத்துக்கும் சேராது.

மில் அண்ணன்தான் கஷ்டமா இருக்கும்னு பயந்தேன். போன ஞாயித்துக்கிழமை பதினாலாவது ஹோல்ல அவர் பந்து ரெண்டடில நின்னுச்சு, பழக்க தோஷத்துல பந்த எடுக்கக் குனிஞ்சவர், அப்படியே நின்னு எங்க மூணு பேரையும் பாத்தார். யாரும் ஒன்னும் சொல்லல, மச்சான் கொடியப் பிடிச்சுட்டு நின்னான். அண்ணன் சட்டைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுட்டு, ரெண்டு பக்கமும் போய் உக்காந்து லைன் பாத்து, ஒரு நிமிஷம் எடுத்து அடிச்சார். பந்து குழி ஓரத்துல சுத்திட்டு வெளிய வந்துடுச்சு. "அஞ்சு எழுதுடா"ன்னு மச்சான்கிட்டச் சொல்லிட்டு அடுத்த டீக்கு நடந்துட்டார், அன்னைக்கு டிபன் செலவு அவரோடது, நெய் ரோஸ்ட் ரெண்டு எக்ஸ்ட்ரா சொன்னோம்.