லேசரா, ஆட்டோகிளேவா: நீரைப் பிரிக்கும் வினையூக்கிக்கு எந்த வழி?

நீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். ஆனால் ஆக்சிஜன் வெளிவரும் மின்முனையில் வினை மந்தமாகவே நடப்பதால், அதற்கு மேலும் மின்னழுத்தம் வீணாகிறது. காரக் கரைசலில் இந்த இழப்பைக் குறைப்பதில் விலையுயர்ந்த இரிடியத்துக்கு ஈடுகொடுப்பது, நிக்கலும் இரும்பும் சேர்ந்த அடுக்கு ஹைட்ராக்சைடு என்ற வினையூக்கி.

அதைச் செய்யும் பழகிய வழி ஆட்டோகிளேவ். நிக்கல், இரும்பு உப்புகளை யூரியாவுடன் நீரில் கரைத்து, டெஃப்லான் உள்ளுறை கொண்ட எஃகுக் கலத்தில் இறுக மூடி, சுமார் 120 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் சூடாக்குவார்கள். நிக்கல் நுரைத் தகட்டையும் உள்ளே வைத்துவிட்டால் ஹைட்ராக்சைடு அதன்மேலேயே படிந்து வளர்கிறது. கழுவினால் மின்முனை தயார்.

லேசர் வழியில் இந்தக் காத்திருப்பு இல்லை. திரவத்தில் மூழ்கிய உலோகத்தின் மீது, நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பு விழுந்ததும் அந்தப் புள்ளி பிளாஸ்மாவாகிறது, அதாவது மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவாகிறது; அதைச் சூழ்ந்து ஒரு நீராவிக் குமிழி ஊதிப் பெருத்துச் சுருங்கும் கணத்துக்குள் அணுக்கள் குளிர்ந்து துகள்களாகிவிடுகின்றன. தங்கத் தகட்டை வைத்து இதைச் செய்தால், தெளிந்த நீர் சில நிமிடங்களில் சிவப்பேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இவ்வளவு வேகமாகக் குளிர்வதால், மெதுவான வளர்ச்சியில் தனித்தனியே பிரிந்துவிடக்கூடிய தனிமங்களையும் ஒன்றாகப் பிணைத்து வைக்க முடிகிறது. 2014இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஹாரி கிரே, ஆஸ்ட்ரிட் மியூல்லர் குழுவினர் இந்த வழியில் நிக்கல்-இரும்புத் தாள்களுக்குள் டைட்டேனியம், லாந்தனம் அயனிகளைச் சேர்த்து, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை 1.23 வோல்ட்டுக்கு மேல் 260 மில்லிவோல்ட் கூடுதல் மின்னழுத்தத்திலேயே பெற்றார்கள். எனக்கு லேசரின் உண்மையான பலம் இதுதான்.

லேசர் துகளின் பரப்பு தூய்மையானது என்ற வாதத்தைப் பலரும் முதலில் வைப்பார்கள். துகள்கள் திரளாமலிருக்க வேதிமுறையில் பாலிமர் உறையைச் சேர்க்க வேண்டியிருக்கும் தங்கம், பிளாட்டினம் போன்றவற்றுக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால் நிக்கல்-இரும்பை ஆட்டோகிளேவில் அத்தகைய உறையின்றியே வளர்க்க முடிவதால், இங்கே அந்த வாதத்தின் எடை குறைவு. துகள் அளவைச் சீராக வைப்பதிலும் வேதிமுறையே முந்துகிறது.

உற்பத்தி அளவுதான் லேசருக்குப் பெரிய தடை, ஏனெனில் முதல் துடிப்பு எழுப்பிய குமிழியே அடுத்த துடிப்பை மறித்துவிடுகிறது. 2016இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸன் பல்கலைக்கழகத்தினர் கற்றையை மிக வேகமாக நகர்த்தி, குமிழியைத் தாண்டிப் புதிய இடத்தில் விழச் செய்து, 500 வாட் லேசரால் மணிக்கு 4 கிராம் பிளாட்டினம் துகள் எடுத்தார்கள். விலைமிக்க உலோகத்துக்கு இந்த அளவு பயன்தரும். சதுர மீட்டர் கணக்கில் நிக்கல்-இரும்பு பூச வேண்டிய ஆலைக்குப் போதாது. ஆகவே பத்துப் பன்னிரண்டு கலவைகளை அடுத்தடுத்துச் சோதித்துச் சிறந்ததைத் தேடும் ஆய்வகம் லேசரை வாங்கட்டும். கலவை முடிவான பிறகு, அதே சேர்க்கையை ஆட்டோகிளேவிலோ, மின்சாரத்தால் படியவைக்கும் மின்படிவிலோ வளர்க்க முடிகிறதா என்பதை முதல் வேலையாகப் பார்க்கட்டும்.