எண்ணெய்ச் சூட்டுத் தழும்புக்கு லேசரும் துணைச் சிகிச்சைகளும்: இரண்டாண்டு கடந்த அனுபவம்

காரைக்குடியில் திருமணங்களுக்கும் சாந்திகளுக்கும் (அறுபதாம் கல்யாணம் போன்ற வயது நிறைவு விழாக்கள்) பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். தேன்குழல் போடும்போது தெறித்த எண்ணெய் வலது முன்கையில் மணிக்கட்டு வரை பட்டுப் புண்ணாகி, அது ஆறித் தடித்த தழும்பாக மாறிய பிறகு, ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரும் ஸ்டீராய்டு மருந்தும் சிலிகோன் தாளும் சேர்ந்த சிகிச்சையை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்து வருகிறேன். அடுப்படியில் வேலை செய்பவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தழும்பு மறைய வேண்டும் என்று போகிறவர்களுக்கு இந்தச் சிகிச்சை மனக்குறையைத் தரும். தழும்பு இளகவும் கை மடங்கவும் அரிப்பு அடங்கவும் வேண்டும் என்று போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் அறியவில்லை.

எல்லாச் சூட்டுப் புண்ணும் தடித்த தழும்பாக மாறுவதில்லை. மூன்று வாரத்துக்குள் ஆறிவிடும் புண் பெரும்பாலும் நிற மாற்றத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் இழுத்துக்கொண்டு போகும் புண்ணில்தான் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்து தோல் தடிக்கிறது. என் கையிலும் அப்படித்தான் நடந்தது. முழங்கையை ஒட்டிய பகுதி தட்டையாகவே ஆறிவிட்டது. மணிக்கட்டுப் பக்கம் சிவந்து, புடைத்து, கயிறு கட்டியது போல் இறுகியது. அச்சைப் பிடித்து அழுத்தும்போது கை முழுதாகப் பின்னுக்கு வளையாததால், மாவு பிழியும் வேலையை மற்றவர்களிடம் விட வேண்டியதாயிற்று. இரவில் வரும் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் சந்திப்பில் மருத்துவர் பார்த்தது தழும்பு எந்த வகை என்பதைத்தான். புண் இருந்த எல்லைக்குள்ளேயே தடித்து நின்றால் அது ஒரு வகை. எல்லையைத் தாண்டிச் சுற்றியுள்ள நல்ல தோலுக்குள்ளும் வளர்ந்தால் அது கீலாய்டு. முதல் வகை ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தானாகவே ஓரளவு தணியக்கூடியது. கீலாய்டு அப்படித் தணியாது. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிப் பேருக்காவது திரும்ப வந்துவிடும். நம் பக்கத்தில் காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்ந்திருப்பதைப் பலரிடம் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்தாது. கீலாய்டுக்கு ஊசி மருந்தே முதன்மையானது, லேசர் அதற்குத் துணையாகத்தான் வரும்.

லேசருக்கு முன்பே சிலிகோன் தாள் தொடங்கிவிட்டது. நாளொன்றுக்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், இரண்டு மூன்று மாதங்களுக்குக் குறையாமல் ஒட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. தழும்பின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகாமல் தடுத்து, அடியில் கொலாஜன் சேரும் வேகத்தை மட்டுப்படுத்துவதே அதன் வேலை. சித்திரை, வைகாசியில் செட்டிநாட்டு வெயிலில் இதைக் கட்டிக்கொண்டு இருப்பது எளிதன்று. தாளுக்கு அடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு வந்துவிடுகிறது. பகலில் சிலிகோன் ஜெல்லைத் தடவிக் காயவிடுவது, இரவில் தாளை ஒட்டுவது, காலையும் மாலையும் தாளையும் தோலையும் மென்மையான சோப்பால் கழுவித் துடைப்பது என்று மாற்றிக்கொண்ட பிறகு தொந்தரவு நின்றது. இதோடு, தழும்பு வெளிறும் அளவுக்குக் கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிடுவதையும், பிசியோதெரபியில் கற்றுக்கொடுத்த மணிக்கட்டுப் பயிற்சிகளையும் தினமும் செய்தேன். இவை செலவு குறைந்தவை என்பதாலேயே பலர் இவற்றை அலட்சியம் செய்கிறார்கள். லேசரால் இளகிய தோல் இளகியபடியே நிற்பதற்கு இந்தப் பயிற்சிகளே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி லேசர். கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர்; அந்த ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொண்டு நொடியின் சிறு பகுதியில் ஆவியாகிறது. பழைய முறையில் மேல்தோல் முழுவதையும் உரித்து எடுத்துவிடுவார்கள். ஆறுவதற்கு நாளாகும், மாநிறத் தோலில் நிறம் கெடும் ஆபத்தும் மிகுதி. 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய ஃப்ராக்‌ஷனல் முறை இதை மாற்றியது. இடியாப்ப அச்சின் கண்களைப் போல, நுண்ணிய துளைகளை இடைவெளி விட்டுப் போட்டு, துளைகளுக்கு நடுவே நல்ல தோலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் அந்தத் தோலிலிருந்து செல்கள் நகர்ந்து துளைகளை மூடுவதால் புண் விரைவில் ஆறுகிறது. உடல் பழைய முறுக்கேறிய கொலாஜனைக் கரைத்துப் புதியதை ஓரளவு ஒழுங்காக அடுக்குகிறது. இந்த மறுசீரமைப்பு மாதக்கணக்கில் நடப்பதால், அமர்வுகளுக்கு நடுவே ஒன்று முதல் மூன்று மாதம் வரை இடைவெளி விடுகிறார்கள். அடுத்தடுத்து அவசரமாகச் செய்வதில் பயனில்லை.

திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் பேருந்தில் போய்வந்து சிகிச்சை எடுத்தேன். மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஒரு மணி நேரம் போலக் காக்க வைப்பார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். லேசர் படும் நேரம் சில நிமிடங்கள்தான். களிம்பு இருந்தும் தடித்த இடத்தில் நெருப்புப் பொறி விழுவது போல் சுருக்கென்று குத்தும்; கருகிய முடி நாற்றம் வரும். துளைகள் திறந்திருக்கும்போதே டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தடவுகிறார்கள். சாதாரணமாகத் தோலுக்குள் இறங்காத மருந்து அந்தத் துளைகளின் வழியே தழும்பின் ஆழத்துக்குப் போகிறது. லேசரையும் மருந்தையும் ஒரே அமர்வில் இணைப்பதன் அருமை இதில்தான் இருக்கிறது.

துளை வழியாக இறங்கும் மருந்து போதாத அளவுக்குத் தடித்திருந்த பட்டைக்குள் மட்டும் அதே மருந்தை ஊசியாகவும் போட்டார்கள். அந்த ஊசிகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு வாரம் விடுவது வழக்கம். வலியைப் பொறுத்தவரை லேசரைவிட இந்த ஊசியே கடினமானது. இறுகிய தழும்புக்குள் மருந்து எளிதில் இறங்காது. ஆனால் அரிப்பு முதலில் அடங்கியது இதற்குத்தான். மருந்து அளவு கூடினாலோ தட்டையான இடத்தில் இறங்கினாலோ தோல் பள்ளமாகும், வெளிறும், மெல்லிய இரத்த நாளங்கள் தெரியும். என் மணிக்கட்டின் ஓரத்தில் சிறிய வெளிறிய திட்டு ஒன்று வந்து, பல மாதங்களுக்குப் பிறகே மங்கியது. இதை முன்கூட்டியே மருத்துவர் சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை.

பின்பராமரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மைப் போன்ற மாநிறமும் கருமையும் உடையவர்களுக்குச் சிகிச்சை வெல்வதும் தோற்பதும் இங்கேதான். முதல் ஓரிரு நாள் நீர் கசியும், வீக்கம் இருக்கும். பெட்ரோலியம் ஜெல்லியைத் தடித்த பூச்சாகப் போட்டு மூடி வைக்க வேண்டும். பிறகு பழுப்பு நிறப் பொருக்குத் தோன்றி, ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிரும். அதைப் பிய்க்கக் கூடாது. அதன் பின் பல வாரங்களுக்கு வெயில் நேரடியாகப் படக் கூடாது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் முழுக்கைத் துணியும் இரண்டுமே வேண்டும். மருத்துவர் வெயிலோடு நில்லாமல் அடுப்பின் வெக்கையையும் தவிர்க்கச் சொன்னார். ஆகவே ஒவ்வோர் அமர்வையும் முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழி போன்ற மாதங்களை ஒட்டி அமைத்துக்கொண்டு, வாணலிப் பக்கம் போகாமல் மாவு பிசைவது, பொதிவது போன்ற வேலைகளைக் கவனித்தேன். அப்படியும் ஒரு முறை சிகிச்சை செய்த இடம் கட்டம் கட்டமாகக் கருத்தது. அது லேசருக்குப் பின் மாநிறத் தோலில் வழக்கமாக வரும் கருமைதான். சில மாதங்களில் தணிந்தது. அடுத்த அமர்வில் துளைகளின் நெருக்கத்தைக் குறைத்துச் செய்தார்கள். நம் தோலுக்கு மெதுவாக, நெருக்கம் குறைவாக, அமர்வுகளைக் கூட்டிச் செய்வதே நல்லது என்பதைக் கண்ணாரக் கண்டேன்.

இப்போதைய நிலை இது. மணிக்கட்டு கிட்டத்தட்ட இடது கை அளவுக்கே வளைகிறது. தேன்குழல் அச்சை நானே பிடிக்கிறேன். அரிப்பு இல்லை. புடைப்பு வெகுவாகத் தணிந்திருக்கிறது, விரலால் கிள்ளினால் தோல் மடிகிறது. ஆனால் தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் வியர்ப்பதில்லை, முடி முளைப்பதில்லை, பழைய புண்ணின் எல்லை வெளிச்சத்தில் தெரிகிறது. எந்தச் சிகிச்சை செய்தாலும் தழும்புத் தோலின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. எனவே அந்தக் கையில் அடிபடாமல் இன்னமும் கவனமாக இருக்கிறேன். மூட்டு அசையாதபடி முழுவதும் இழுத்துப் பிடித்துவிட்ட தழும்புக்கு லேசர் மட்டும் போதாது, பிளாஸ்டிக் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். என் பட்டை அந்த அளவுக்கு இறுகவில்லை.

நம் ஊர்களில் ஒரே அமர்வில் தழும்பை அழித்துத் தருவதாகச் சொல்லும் அழகு நிலையங்களும் வந்துவிட்டன. அங்கே முடி நீக்கும் கருவியையும் லேசர் என்றே சொல்கிறார்கள். எந்த வகைக் கருவி, என்ன அலைநீளம், இயக்குபவர் தோல் மருத்துவம் படித்தவரா என்று கேட்டுப் பதில் வராத இடத்தில் கையை நீட்ட வேண்டாம். மருந்துக்கடையில் தாங்களாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசுவதும் ஆபத்தானது. பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன தேங்காயெண்ணெய்த் தேய்ப்பை மட்டும் மருத்துவரே ஏற்றுக்கொண்டார், புண் முழுதாக ஆறிய பிறகு என்ற நிபந்தனையோடு.

செலவு பற்றிக் கடைசியாக. மருத்துவக் காப்பீட்டில் அழகுக்கான சிகிச்சைகள் விலக்கப்பட்டவை என்று முகவர்கள் பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இந்தியக் காப்பீடுகளின் பொது விலக்குப் பிரிவிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது. சிகிச்சை உடல்நலத்துக்குத் தேவையானது என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். மணிக்கட்டு எத்தனை பாகை வளைகிறது என்பதை முதல் சந்திப்பிலேயே அளந்து குறிப்பில் எழுதித் தருமாறு கேளுங்கள், ஒளிப்படமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கும் அது சான்றாகும். அடுத்தடுத்த அமர்வுகளில் கை எவ்வளவு இளகியிருக்கிறது என்பதையும் அந்த அளவைக் கொண்டே பார்த்துக்கொள்ளலாம்.