ஆட்டோடிஃப்: விடை சரி, கிரேடியன்ட் மட்டும் நேன்

கிரேடியன்ட் (ஒவ்வொரு மாறியையும் பொறுத்து விடையின் வகைக்கெழு) கணக்கிட, உள்ளீட்டைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் ஃபைனைட் டிஃபரன்ஸை மூட்டைகட்டிவிட்டு, கோடையே வகையிடும் ஆட்டோடிஃபுக்கு முழுக்க மாறலாமா என்று நண்பர் கேட்டார். ஸ்ட்ரக்சுரல் ஆப்டிமைசேஷனில் (கட்டமைப்பின் வடிவமைப்பைச் சிறப்பாக்கும் கணக்கில்) நெடுநாளாக இதை ஓட்டியதை வைத்துச் சொல்கிறேன்.

வேகத்தில் குறையே இல்லை. 200 டிசைன் மாறிகளுக்கு ஃபைனைட் டிஃபரன்ஸ் 201 முறை சால்வரை (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை) ஓட்டும். விடையிலிருந்து பின்னோக்கி வகையிடும் ரிவர்ஸ் மோடில் மாறிகள் 200 ஆனாலும் 20,000 ஆனாலும் ஒரு ஓட்டத்தின் சில மடங்குதான் செலவு. அசைக்கும் ஸ்டெப் 10⁻⁶ஆ 10⁻⁸ஆ என்ற தலைவலியும் ஒழிந்தது.

தீராத எரிச்சல் நேன்தான் (NaN, எண்ணே அல்லாத விடை). வான் மைசஸ் ஸ்ட்ரெஸை (பல திசை ஸ்ட்ரெஸ்களை ஒரே எண்ணாக்கும் அளவை) எடுத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தின் கடைசியில் வர்க்கமூலம் இருக்கிறது. சுமையே ஏறாத எலிமென்டில் (ஸ்ட்ரக்சரைப் பிரித்த சிறு துண்டில்) உள்ளே பூஜ்ஜியம். அங்கே வர்க்கமூலத்தின் வகைக்கெழு முடிவிலி, உள்ளிருக்கும் இருபடிக் கோவையின் வகைக்கெழு பூஜ்ஜியம். பெருக்கினால் நேன். ஸ்ட்ரெஸ் படத்தில் ஒரு தப்பும் தெரியாது. ஆனால் ரிவர்ஸில் அந்த ஒரு எலிமென்டின் நேன், கிரேடியன்டைப் பின்னோக்கிக் கணக்கிடும் அட்ஜாயின்ட் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் ஏறி, சால்வ் முடிந்ததும் எல்லா மாறிகளின் கிரேடியன்டையும் நாசமாக்கிவிடும். எந்த எலிமென்டில் தொடங்கியது என்பதற்குத் தடயமே மிஞ்சாது. ஜாக்ஸில் (JAX, பைத்தானுக்கான ஆட்டோடிஃப் லைப்ரரி) நேன் பிறந்ததும் ஓட்டத்தை நிறுத்தும் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் வேகம் படுத்துவிடும்.

வர்க்கமூலத்துக்குள் ஒரு சின்ன எண்ணைக் கூட்டுங்கள். அதற்குமுன் ஸ்ட்ரெஸை அனுமதிக்கப்பட்ட ஸ்ட்ரெஸால் வகுத்துக்கொண்டால் 10⁻¹² போதும். பாஸ்கலா மெகாபாஸ்கலா என்ற கவலை இராது. பூஜ்ஜியமா என்று நிபந்தனை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெக்டராக ஓடும் கோடில் இரண்டு கிளைகளும் கணக்கிடப்படும். தேர்ந்தெடுக்காத கிளையின் முடிவிலியைப் பூஜ்ஜியத்தால் பெருக்குவார்கள், மறுபடியும் நேன். முதலில் உள்ளீட்டையே பாதுகாப்பான எண்ணாக மாற்றி, பிறகு வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் நிபந்தனை வைக்க வேண்டும்.

இதைவிட மோசம் ஐகன் வெக்டர், அதாவது ஸ்ட்ரக்சர் அதிரும் வடிவம் (மோட்). சமச்சீரான ஸ்ட்ரக்சரில் இரண்டு இயல் அதிர்வெண்கள் ஒன்றாகவே வருவது சகஜம். வகைக்கெழுவின் பின்னத்தில் கீழே, வகுக்கும் இடத்தில் அவற்றின் வித்தியாசம் உட்கார்ந்திருக்கிறது. இங்கே சின்ன எண் கூட்டுவது ஏமாற்று வேலை: நேன் போய்விடும், தப்பான கிரேடியன்ட் வரும். அந்த மோட்களை ஒரு குழுவாக வைத்து, அவற்றின் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை போல வரிசை மாறினாலும் மதிப்பு மாறாத சமச்சீர் சார்பை எடுப்பதே முறை.

மெமரியைப் பற்றி எல்லாரும் புலம்புகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இடரேடிவ் சால்வரின் ஒவ்வொரு சுற்றையும் டேப்பில் (பின்னோக்கி வரச் சேமிக்கும் பதிவில்) ஏற்றினால் வெடிக்கத்தான் செய்யும். இம்ப்ளிசிட் ஃபங்ஷன் தேற்றப்படி, முடிந்த விடையில் டிரான்ஸ்போஸ் மேட்ரிக்ஸோடு ஒரே ஒரு லீனியர் சால்வ் போதும்; ஏற்கெனவே போட்ட எல்யூ (LU, மேட்ரிக்ஸை இரண்டாகப் பிரித்த வடிவம்) அங்கேயும் உதவும். காலத்தோடு ஓடும் சிமுலேஷனுக்கு, சில நிலைகளை மட்டும் சேமித்து மீதியைத் திரும்ப ஓட்டும் செக்பாயின்ட்: 10 சேமிப்பிடம் வைத்து, எந்த ஸ்டெப்பையும் அதிகபட்சம் 3 முறை ஓட்டினால் 286 ஸ்டெப் வரை திரும்பி வரலாம்.

ஜாக்ஸின் இயல்பு 32 பிட். ஸ்டிஃப்னஸ் (விறைப்பு) மேட்ரிக்ஸுக்கு அது போதாது. முதல் வரியிலேயே 64 பிட்டைத் திறந்துவிடுங்கள். டெய்லர் சோதனையைத் தவிர்க்காதீர்கள்: ஸ்டெப்பைப் பாதியாக்கினால் மீதப்பிழை (கிரேடியன்டை வைத்துக் கணித்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்) காலாக வேண்டும். பாதியாகத்தான் குறைகிறது என்றால் கிரேடியன்ட் தப்பு.

இவ்வளவு புகழ்ந்தும் நண்பருக்கு என் பதில்: பாகங்கள் ஒன்றையொன்று தொடுவதைக் கணக்கிடும் உங்கள் பழைய காண்டாக்ட் கோடுக்கு வேண்டாம். எத்தனை வர்க்கமூலம், எத்தனை வகுத்தல், எத்தனை நிபந்தனை உள்ளே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாத கோடில் இதை நுழைத்தால் நேன் வேட்டையிலேயே காலம் போகும். கம்ப்ளையன்ஸ் (சுமைக்கு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்ற அளவு) மட்டும் குறைப்பதென்றால் அட்ஜாயின்டைக் கையாலேயே எழுதிவிடலாம், சில வரிதான். புதிதாக எழுதப்போகும் சால்வர் என்றால் முதல் நாளிலிருந்தே ஆட்டோடிஃபோடு எழுதுங்கள். ஒவ்வொரு மெட்டீரியல் மாடலையும் பூஜ்ஜிய ஸ்ட்ரெய்னில் (உருமாற்றமே இல்லாத நிலையில்) ஒருமுறை வகையிட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.