பால் பீச்சக் கையா, பம்பா?

குறைமாதப் பிள்ளை இன்கியுபேட்டரில் இருக்கும்போது தாய்ப்பால் மட்டுமாவது நேரத்துக்கு அங்கே போகவேண்டும். கையால் பீச்சுவதா, பம்ப் வாங்குவதா? இரண்டையும் பாவித்துப் பார்த்த என் ஓட்டு கைக்கே.

பம்ப் வேகமானது, கை உளையாது, இரண்டு பக்கமும் ஒரேயடியாக எடுக்கலாம். விலையும் கறண்ட் போவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

முதல் இரண்டு மூன்று நாளில் போட்டியே கிடையாது. சீம்பால் தடிப்பாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பம்பில் எடுத்தால் பெரும்பங்கு பிளாஸ்டிக்கில் ஒட்டிப்போகும். கையால் என்றால் கரண்டியில் ஏந்தி சிரிஞ்சில் இழுத்துவிடலாம். பெருவிரலும் சுட்டுவிரலும் காம்புக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் இருக்கவேண்டும். நெஞ்சுப் பக்கமாக அமத்தி, விரல்களைச் சேர்த்து அழுத்தி, விடவேண்டும். தோலில் வழுக்கக்கூடாது. மிட்வைஃப் அக்கா கைபிடித்துக் காட்டும்வரை எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது கழுவல்தான். நாளுக்கு எட்டுத் தடவையாவது பீச்சவேண்டும். எட்டுத் தடவையும் புனல், வால்வு, மெல்லிய சவ்வு, போத்தல் எல்லாவற்றையும் கழற்றி, சிங்கில் போடாமல் தனிப் பேசினில், தனிப் பிரஷால் தேய்த்து, காற்றில் உலரவிடவேண்டும். துணியால் துடைக்கவும் கூடாது. நாளுக்கொரு முறை அவிப்பது வேறு. திருகோணமலை மாரியில், கடல் ஈரத்தோடு, அடுத்த தடவைக்குள் அந்தச் சவ்வு உலர்ந்தால்தானே! அமெரிக்காவில் 2016இல் ஒரு குறைமாதப் பிள்ளைக்குக் குரோனோபக்டர் கிருமி தொற்றியது. பம்ப் துண்டுகள் சவர்க்காரத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறிக் கிடந்தது விசாரணையில் தெரிந்தது. கைக்கு இரண்டு கையும் ஒரு அவித்த கோப்பையும் போதும்.

மிஞ்சிய பாலை வேறு குறைமாதப் பிள்ளைக்குத் தானம் செய்ய நினைப்பவர் இந்தச் சுத்தத்தை இன்னும் கவனிக்கவேண்டும். பால் வங்கிகளில் தாயின் இரத்தம் சோதித்து, பாலை 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். பசிலஸ் போன்ற சில கிருமிகளின் வித்துகள் அதற்கும் சாகா. சோதனையில் பிடிபட்டால் அந்தத் தொகுதியே கொட்டப்படும்.

எடுத்தபின் இரண்டுக்கும் ஒரே சட்டம்தான்: உடனே குளிர். 25 பாகைக்குள் 4 மணித்தியாலம் வைக்கலாம் என்பது கச்சான் சுடுகாற்று வீசும் ஆடி மாதத்துக்குப் போட்ட கணக்கல்ல. மூதூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் ஐஸோடு ரெஜிபோம் பெட்டி வேண்டும்.

எனக்கு ஒரே பிள்ளை. இரட்டைப் பிள்ளைக்காரருக்கும் மாதக்கணக்காகப் பீச்சுபவருக்கும் பம்ப் இல்லாமல் சரிவராமல் போகலாம். அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: 2009இல் வந்த ஸ்டான்போர்ட் ஆய்வொன்றில், முதல் நாட்களில் அடிக்கடி கையால் பீச்சி, பம்ப் ஓடும்போதும் மார்பைக் கையால் அமத்திய குறைமாதத் தாய்மாருக்குக் கூடுதலாகப் பால் சுரந்திருக்கிறது.

யாராவது பாவித்த பம்பை மலிவாகத் தந்தால், பால் அதன் காற்றுக் குழாய்க்குள் ஏறும் வகையா என்று முதலில் பாருங்கள். ஏறும் என்றால் மோட்டருக்குள்ளும் போயிருக்கும். அதைக் கழுவ வழியில்லை, சும்மா தந்தாலும் வேண்டாம்.